படத்தோடு பைலையும் கேளுங்கள்!

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கையின் கணவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மரக்காணத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் அவர்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் கட்டப் போகும் வீட்டின் 3டி படம் அது. வெள்ளைச் சுவர், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே சாம்பல் நிற சோபா, வெளியே நீலக் கடல். கடலுக்கு மேலே ஆரஞ்சுப் பழம் போல ஒரு சூரியன். படத்தின் மூலையில் ‘சன்செட் வியூ’ என்று எழுதியிருந்தது. கீழே, “எப்படி மச்சான் நம்ம வீடு?” என்று கேட்டிருந்தார்.

“பிரமாதம் மாப்பிள்ளை” என்று பதில் அனுப்பி விட்டுப் பல் தேய்க்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. மரக்காணத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்புமே தவிரக் கடலில் இறங்காது. சாயங்காலம் அது வீட்டின் முதுகுப் பக்கம், உப்பளங்களுக்கு மேலே மறையும்.

ஒரு படத்தில் இருக்கும் சின்னத் தப்பு, இதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று கூடப் பார்க்காமல் போட்ட படம் அது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்குக் கண்ணாடி எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், சன்ஷேடு எத்தனை அடி என்றெல்லாம் முடிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளையின் இருபத்தாறு வருடச் சேமிப்பும், அதற்கு மேல் ஒரு வங்கிக் கடனும் இந்த வீட்டில் போகிறது. 74 வயதான எங்கள் அம்மாவும் அங்கேதான் இருக்கப் போகிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் 3டி படத்தை மட்டும் வாங்கிக் கொண்டு திருப்தி அடையக் கூடாது. அந்தப் படம் எந்தப் பைலிலிருந்து வந்ததோ அந்தப் பைலைக் கேட்க வேண்டும். படம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பைலிடம் நாம் கேள்வி கேட்கலாம். கடலோர வீடாக இருந்தால் இது இன்னும் அவசியம்.

படம் எப்படித் தயாராகிறது?

வீட்டுக்கான 3டி படம் போடுவதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் சுவர், தரை, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் அளவோடு ஒரு சாப்ட்வேரில் கட்டுகிறார்கள். இதை மாடல் என்பார்கள். இந்தப் பைலில் உண்மையான அடி, அங்குலக் கணக்கு இருக்கும். வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கவும் இடம் இருக்கும். அடுத்ததாக அந்த மாடலுக்கு நிறம், பளபளப்பு, வெளிச்சம் எல்லாம் கொடுத்துப் போட்டோ போல மாற்றுகிறார்கள். இதுதான் ரெண்டரிங்.

இந்த இரண்டாவது கட்டத்தில்தான் சூரியன் நுழைகிறது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுத்தால் சாப்ட்வேரே கணக்குப் போட்டுச் சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும். இன்னொன்று, உலகத்தில் எங்கோ எடுத்த ஒரு வானத்தின் போட்டோவை வீட்டைச் சுற்றிப் போர்த்தி விடுவது. இரண்டாவது வழியில் வேலை சீக்கிரம் முடியும், படமும் அழகாக வரும். மாப்பிள்ளைக்கு வந்தது இந்த வகை. எந்த ஊர் அஸ்தமனமோ, மரக்காணத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

இப்போது ஏ.ஐ. மூலம் போடும் படங்களும் வந்து விட்டன. பேப்பரில் கிறுக்கிய பிளானைக் கொடுத்தால் சில நொடிகளில் கடலோர பங்களா தயார். இதில் சூரியக் கணக்கு என்று எதுவுமே கிடையாது. பார்ப்பதற்கு வீடு போல ஒரு படம், அவ்வளவுதான். அதை வைத்து ஜன்னல் அளவை முடிவு செய்வது, ஹோட்டல் மெனு கார்டில் இருக்கும் போட்டோவைப் பார்த்து உப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்வது போலத்தான்.

காலை 7 மணி, அம்மாவின் நாற்காலி

வீட்டின் பிளான் பிடிஎப் ஆக மாப்பிள்ளையிடம் இருந்தது. 3டி பைலைக் கேட்டதற்கு டிசைன் செய்தவர்கள் தரவில்லை. அதனால் நாங்களே போட்டுப் பார்த்தோம். ‘நாங்கள்’ என்பது நானும், பத்தாவது படிக்கும் தங்கை மகனும். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் அவன்தான்.

பயன்படுத்திய சாப்ட்வேர் ஸ்வீட் ஹோம் 3டி. 2006-ல் வெளிவந்தது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். பிளானைப் படமாக மாற்றிப் பின்னணியில் வைத்து, ஒரு சுவரின் நீளத்தை மட்டும் சொல்லி விட்டால் மற்ற அளவுகள் தானாக வந்து விடும். அதன் மேல் சுவர்களை இழுத்துக் கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு சாயங்காலத்தில் கீழ்த்தளம் முடிந்தது.

முக்கியமான விஷயம் அடுத்தது. பிளானின் ஓரத்தில் ஒரு திசைகாட்டி இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து இடத்தையும் வடக்குத் திசையையும் கொடுக்க வேண்டும். மரக்காணத்துக்கு அட்சரேகை சுமார் 12.2, தீர்க்கரேகை சுமார் 79.9. பிறகு போட்டோ எடுக்கும் கட்டளைக்குப் போய், தரத்தை மேல் இரண்டு நிலைகளில் ஒன்றில் வைத்தால் தேதியும் நேரமும் கேட்கும். சுவருக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு ஒரு பெட்டியை எடுத்து, வேண்டிய அளவுக்கு நீட்டி, ஜன்னலுக்கு மேலே வைத்தோம்.

வீட்டின் ஹால் 20 அடி ஆழம். கடல் பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், 8 அடி உயரத்துக்கு முழுக் கண்ணாடி. அதற்கு மேலே 3 அடி சன்ஷேடு. தேதியை மே 15 என்று வைத்தோம்.

காலை 7 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 16 டிகிரி உயரத்தில்தான் இருந்தது. வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து, ஹாலைத் தாண்டிப் பின்சுவரில் ஏறியது. 8 மணிக்கு ஹாலுக்குள் 10 அடி வரை வெயில். 9 மணிக்கு 5 அடி. சன்ஷேடு இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. தலைக்கு மேலே வரும் வெயிலைத்தான் சன்ஷேடு தடுக்கும். கிழக்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலுக்கு அது தொப்பி போட்ட மாதிரிதான். முகத்தில் அடிப்பது அடித்துக் கொண்டேதான் இருக்கும்.

பையன் சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்தான். சோபாவை நகர்த்தி விட்டு, கண்ணாடிக்கு அருகில் ஒரு நாற்காலியை வைத்தான். “மாமா, ஆயா இங்கதானே உட்கார்ந்து காபி குடிக்கும்?” என்றான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வெயில் நேரத்தில் வாசலுக்கு வந்தாலே கையை நெற்றியில் வைத்துக் கொள்வார். காலை 7 மணிக்கு எடுத்த அந்தப் படத்தில் நாற்காலி முழுக்க வெயிலில் இருந்தது.

அதன் பிறகு சன்ஷேடை 10 அடியாக நீட்டிப் பார்த்தோம். அதாவது நம் பழைய வீடுகளில் இருக்கும் தாழ்வாரம். 8 மணிக்கு வெயில் கண்ணாடிக்குள் 3 அடியோடு நின்று விட்டது. 9 மணிக்கு உள்ளே வரவே இல்லை. நாற்காலியைத் தாழ்வாரத்தின் வடகோடியில், ஒரு மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் வைத்ததும் கடலும் தெரிந்தது, நிழலும் கிடைத்தது.

இந்தச் சோதனைக்கு ஆன செலவு இரண்டு சாயங்காலம். வீடு கட்டி முடித்த பிறகு இதே விஷயம் தெரிய வந்திருந்தால் கனமான திரைச்சீலை வாங்கி மாட்டியிருப்போம். கடலைப் பார்க்கக் கண்ணாடி போட்டு, கண்ணாடியை மறைக்கத் திரை போட்டு, இருட்டில் ஏ.சி. போட்டு உட்காரும் கடலோர வீடுகள் எத்தனையோ உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சிட்னி ஆப்பரா ஹவுஸ் கட்டியவரின் சொந்த வீடு

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோர்ன் உட்சன், டென்மார்க் நாட்டு ஆர்க்கிடெக்ட். 1957-ல் சிட்னி ஆப்பரா ஹவுசுக்கான போட்டியில் ஜெயித்தவர். பாய்மரம் போல நிற்கும் அந்தக் கூரைகளைக் கட்டுவதற்கு 1960-களின் தொடக்கத்தில் ஓவ் அரூப் நிறுவனத்தின் என்ஜினியர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். கட்டட வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய ஆரம்ப கால உதாரணங்களில் அதுவும் ஒன்று. 1966-ல் அங்கிருந்த அரசாங்கத்தோடு தகராறு வந்து உட்சன் ஆஸ்திரேலியாவை விட்டுப் போனார். 1973-ல் ஆப்பரா ஹவுஸ் திறக்கப்பட்டது. முடிந்த கட்டடத்தை அவர் நேரில் போய்ப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு 1970-களின் தொடக்கத்தில், ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில், கடலைப் பார்த்த ஒரு பாறை விளிம்பில் தன் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். மனைவியின் பெயரில் அதற்குக் கான் லிஸ் என்று பெயர். கடலோர வீடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் காட்டப்படும் வீடு அது. அதில் நம் 3டி படத்தில் வரும் கண்ணாடிச் சுவர் கிடையாது.

மாரேஸ் என்று சொல்லப்படும் அந்தத் தீவின் மணற்கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார். ஒரே பெரிய வீடாக இல்லாமல், சமையல்-சாப்பாடு, உட்காரும் அறை, படுக்கை அறை என்று தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடலை நோக்கிக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் திருப்பி வைத்தார். உட்காரும் அறையின் ஜன்னல்கள் ஆழமான கல் மாடங்கள் போல இருக்கும். கண்ணாடிச் சட்டத்தைச் சுவருக்கு வெளிப்புறத்தில் பொருத்தியிருப்பதால் உள்ளே இருப்பவருக்குச் சட்டமே தெரியாது. கல்லுக்கு நடுவே கடல் மட்டும் தெரியும். தடித்த சுவரின் நிழலில் உட்கார்ந்து வெளிச்சமான கடலைப் பார்க்கலாம். சுவரில் உயரத்தில் ஒரு சின்னத் திறப்பு வைத்திருக்கிறார். பிற்பகலில் கொஞ்ச நேரம் மட்டும் அதன் வழியாக ஒரு கீற்று வெயில் உள்ளே விழும். சூரியன் எப்போது எங்கே வரும் என்று தெரிந்தவர் மட்டுமே வைக்கக் கூடிய திறப்பு அது.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு பிரச்னை வந்தது. 1990-களில் உட்சன் தம்பதிகள் கடலோரத்தை விட்டு அதே தீவில் மலைப் பக்கம் இன்னொரு வீடு கட்டிக் கொண்டு போனார்கள். வீட்டைப் பார்க்க வந்து கொண்டே இருந்த கூட்டம் ஒரு காரணம். கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கண் தாங்கவில்லை என்பது இன்னொரு காரணம். இவ்வளவு ஆழமான ஜன்னல் வைத்தவருக்கே அந்த நிலை என்றால், முழுக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் எங்கள் அம்மாவின் கதி என்ன?

அதற்காகக் கான் லிஸ் வீட்டை அப்படியே காப்பி அடித்தாலும் தப்பு. மயோர்க்கா சுமார் 39 டிகிரி வடக்கில் இருக்கிறது. அந்த வீட்டின் கடல், தெற்கும் தென்கிழக்குமாக இருக்கிறது. மரக்காணம் 12 டிகிரியில் இருக்கிறது, கடல் நேர் கிழக்கு. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் 27 டிகிரி உயரத்தில் நிற்கும். இங்கே 54 டிகிரி. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட்டிலும் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, நடுவில் ஜூன் மாதத்தில் வடக்குப் பக்கமே சாய்ந்து விடும். அந்த இடத்தில் சூரியன் என்ன செய்கிறது என்று பார்த்துக் கட்டியதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக் கொள்ள வேண்டும். அவர் பல நாள் அங்கே இருந்து தெரிந்து கொண்டதில் ஒரு பகுதியை இன்று ஒரு இலவச சாப்ட்வேர் நமக்குச் சொல்கிறது. அதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

கம்ப்யூட்டர் காட்டாத உப்பு

பைல் கிடைத்து விட்டால் எல்லாம் தெரிந்து விடும் என்று நான் சொல்லவில்லை. கடல் வெளிச்சம் கண்ணைக் கூசுவதை நாங்கள் போட்ட மாடல் காட்டவில்லை. காற்றையும் உப்பையும் எந்தப் படமும் காட்டாது.

கடற்கரைக்கு அருகில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் ஜன்னலோரத்தில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். மூன்று வருடத்தில் கேபினெட் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் திருக முடியாமல் போயின. யூ.எஸ்.பி. போர்ட்டுகளின் உறையில் துரு. ராமைக் கழற்றினால் முனையில் பச்சைப் புள்ளிகள். ரப்பரால் தேய்த்து மாட்டினோம். கொஞ்ச நாள் ஓடியது, பிறகு நின்று விட்டது. ஒரு மதர்போர்டை இப்படிச் செய்யும் காற்று, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சும்மா விடுமா?

கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 456 விதியின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேலே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும், தரம் எம்20. கடலோரக் காற்று படும் இடத்தில் 45 மில்லிமீட்டர் வேண்டும், தரம் குறைந்தது எம்30. கடல் நீர்த் துளி தெறிக்கும் இடம் என்றால் 50 மில்லிமீட்டர், எம்35. கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மனையிலேயே போர் போட்டு அந்தத் தண்ணீரில் கலவை போடலாம் என்று மேஸ்திரி சொன்னால், முதலில் தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்புங்கள்.

3டி படத்தில் 20 மில்லிமீட்டர் வீடும் 45 மில்லிமீட்டர் வீடும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சில வருடம் கழித்து ஒன்றில் கம்பி ஊதிப் பால்கனி அடியில் சிமென்ட் உதிரும். மாப்பிள்ளையின் எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இத்தாலி மார்பிளுக்கு ஒரு பக்கம் இருந்தது. கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது காற்று. கட்டடங்களின் மீது காற்று தரும் அழுத்தத்துக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயலும் இதே கரைப் பகுதியில்தான் கடந்தன. கூரை வரை கண்ணாடி வைப்பவர்கள் கண்ணாடியின் தடிமனை யார் கணக்குப் போட்டார் என்று கேட்க வேண்டும்.

மனையைப் பார்க்கப் போன அன்று பக்கத்தில் வலை பிரித்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிச்சா இந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க முடியாது சார். மணலும் உப்புத் தண்ணியும் சேர்ந்து வரும்” என்றார். நாங்கள் மாடலில் பார்த்தது மே மாதம். அவர் சொன்னது வடகிழக்குப் பருவக் காற்று. அதை எந்த சாப்ட்வேரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கரை எங்கே இருக்கிறது?

படத்தில் கடல் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். நிஜத்தில் கரை நகர்கிறது. இதைப் பார்க்க உங்கள் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது. கூகுள் எர்த் ப்ரோ 2015-லிருந்து இலவசம். அதில் பழைய சாட்டிலைட் படங்களைக் காட்டும் கடிகாரப் பட்டனைக் கிளிக் செய்து, ஸ்லைடரை நகர்த்தினால் வருடம் வருடமாகக் கரை எங்கே இருந்தது என்று தெரியும். ரூலர் வைத்து மீட்டரில் அளக்கலாம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது தெரிந்த கதை. நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் சுவர் வந்தால் வடக்குப் பக்கத்துக்கு மணல் போவதில்லை. உங்கள் மனைக்குத் தெற்கே அப்படி ஏதாவது கட்டியிருக்கிறதா என்று எர்த்தில் ஒரு தடவை பார்த்து விடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் முதலில் வந்தது. 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் கிராமப்புறங்களுக்கு மட்டும் இதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற கிராமப்புறங்களுக்கு 200 மீட்டர்தான். அழகான படத்தில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருபதடி மணல்தான் இருக்கும். அப்படி ஒரு படம் வந்தால், அது சட்டப்படி கட்டக் கூடிய வீடா என்று முதலில் கேளுங்கள்.

அவர்கள் பக்கத்து நியாயம்

பைலைக் கொடுக்க மறுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மாடல் அவர்களுடைய உழைப்பு. வரைபடத்தின் காப்பிரைட் பொதுவாக வரைந்தவருக்குத்தான். பைலை வாங்கிக் கொண்டு போய் வேறு காண்டிராக்டரிடம் கட்டி விட்டு, பீஸ் கொடுக்காமல் ஏமாற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் தாழ்வாரம் கேட்டதும் பிளானை மாற்ற வேண்டியதாயிற்று. மேல் மாடியில் ஒரு அறை சிறிதானது. மாற்றியதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். அதில் தப்பில்லை. முதல் நாளே நாம் கேட்டிருக்க வேண்டியதை மூன்றாம் மாதம் கேட்டோம்.

பைல் தர முடியாது என்றால் பரவாயில்லை, இவற்றையாவது கேட்டு வாங்குங்கள்:

1. மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, வடக்குத் திசை கொடுத்து எடுத்த படங்கள். மார்ச் 21, மே 15, ஜூன் 21, டிசம்பர் 21. ஒவ்வொன்றிலும் காலை 7, பகல் 12, மாலை 4. தேதியும் நேரமும் படத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

2. வெளியிலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. வீட்டில் யார் எங்கே உட்காருவார்களோ, அந்த இடத்தில் அவர்கள் கண் உயரத்திலிருந்து எடுத்த படம்.

3. கம்பிக்கு எத்தனை மில்லிமீட்டர் கவர், கான்கிரீட் என்ன தரம், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில்.

4. உயர் அலைக் கோட்டிலிருந்து வீட்டின் முன் சுவர் எத்தனை மீட்டர் என்று குறித்த வரைபடம்.

5. கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், ஏ.சி. வெளி யூனிட் எல்லாம் கடல் பக்கத்துக்கு எதிர்ப்புறம் வருகிறதா என்று ஒரு குறிப்பு.

இவற்றைக் கொடுக்க, ஏற்கனவே மாடல் போட்டிருப்பவருக்குச் சில மணி நேர வேலைதான். கொடுக்கத் தயங்கினால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு ஊர் வானத்தைப் போர்த்தியிருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளலாம்.

அதோடு கம்ப்யூட்டரை மூடி விட்டு ஒரு முழு நாள் மனையில் போய் உட்காருங்கள். முடிந்தால் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள்.

மாப்பிள்ளை இன்னும் முழுசாக மாறி விடவில்லை. அந்த ஆரஞ்சுச் சூரியன் படம்தான் அவர் போனில் வால்பேப்பர். “என்ன இருந்தாலும் அது அழகு மச்சான்” என்கிறார். நானும் மறுக்கவில்லை. ஆனால் கடைக்கால் தோண்டுவதற்கு முந்தின வாரம், மகன் லேப்டாப்பைத் திறந்து காலை 7 மணிப் படத்தை அம்மாவிடம் காட்டினான். அம்மா கண்ணாடியைச் சரி செய்து கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார்.

பையன் நாற்காலியைக் காட்டினான். மாப்பிள்ளையும் குனிந்து பார்த்தார். மறுநாள் அவரே டிசைன் ஆபீசுக்கு போன் செய்து, தாழ்வாரத்தின் அகலம் 10 அடிக்குக் குறையக் கூடாது என்று சொல்லி விட்டார்.